நெஞ்சு நோவு எந்தப் பக்கம்?

நெஞ்சு வலித்தால் கையை எந்தப் பக்கம் வைப்பது என்று மணியனுக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் நேரமில்லை. படுக்கையறை வாசலில் நின்று "அம்மாடி" என்று முனகியாகிவிட்டது. முனகிவிட்டுச் சும்மா நிற்க முடியுமா? வந்தது வரட்டும் என்று வலது பக்கம் ஒரு கையும் இடது பக்கம் ஒரு கையும் வைத்துக்கொண்டு கதவுநிலையில் சாய்ந்தார்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கமலவேணி மெதுவாகத் திரும்பினாள்.

"எந்தப் பக்கமுங்க?"

நான்கு நாட்களாக அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மணியனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கம் நடிப்புக்கு நல்ல துணையாகப் போயிற்று.

"நடுவுல" என்றார்.

"எப்ப இருந்து?"

"பத்து நாளா இருக்குது. உன்கிட்டச் சொல்ல வேண்டாமுன்னுதான்... நேத்து நாமக்கல் போயி டாக்டரம்மாகிட்டக் காட்டினேன். தெனமும் வெடியக்கால நடக்கோணுமாம். தனியா நடக்கப்படாதாம். வழியில மயக்கம் வந்து உழுந்துட்டா?"

கமலவேணி விட்டத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"செருப்பு எங்க கெடக்குதோ" என்றாள்.

அந்தச் செருப்பைத் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பதினான்கு மாதமாக அதற்கு வேலையே இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், பிரவீனா. சேலத்தில் காலேஜ் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறி வந்தவள் ஒன்பதாவது நாள் இல்லாமல் போனாள். காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த அன்று கமலவேணி கட்டிலில் சாய்ந்தாள். அவ்வளவுதான். அடுப்பு எரியவில்லை. மெஸ்ஸிலிருந்து மணியன் வாங்கிவரும் பொட்டலத்தில் பாதியைத் தின்பாள், பாதியை அப்படியே மூடி வைப்பாள், மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மணியனுக்கு ஒன்றுமில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவர் அப்படித்தான் சொன்னார். பைபாஸ் ஓரத்தில் அவருக்குத் தார்ப்பாய்க் கடை. லாரிகளுக்குப் போர்த்தும் தார்ப்பாய் தைப்பதும், கிழிந்து வருவதை ஒட்டுப்போடுவதும் தொழில். காலை எட்டு மணிக்குப் போவார். கடையின் உட்கோடியில் நாற்காலி போட்டு உட்காருவார். பொழுது சாய்ந்ததும் எழுந்து வருவார். தையல் வேலையை இருபது வருஷமாகக் கூட இருக்கும் அன்பரசு பார்த்துக்கொண்டான். ஆம்பிளைக்குப் போக ஒரு கடையாவது இருக்கிறது, பாவம், அவளுக்குத்தான் போக்கிடமில்லை என்று மணியன் நினைத்துக்கொள்வார்.

நாமக்கல் டாக்டரம்மாவிடம் அவர் போனது மனைவிக்காகத்தான். அவள் எழுந்து வராததால் தனியாகப் போய் விவரத்தைச் சொன்னார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்படியாவது வெளிய கூட்டிட்டு வாங்க. முதல்ல தினமும் ஒரு அரைமணி நேரம் நடக்க வைங்க. நீங்களும் கூட நடங்க. உடம்பு அசைஞ்சாத்தான் மனசும் கொஞ்சம் அசையும்" என்றார். பிறகு, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க, கடைக்குப் போறேன், வாரேன்."

டாக்டரம்மா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வந்ததே வந்தார் என்று படுக்கப்போட்டு நெஞ்சில் ஒயர்களை ஒட்டச் சொல்லி ஒரு படமும் எடுத்தார். "நெஞ்சு இரும்பாட்டம் இருக்கு" என்று அனுப்பிவைத்தார்.

அந்த இரும்பு நெஞ்சில்தான் மறுநாள் விடிகாலை மணியன் வலியை வரவழைத்தார்.

முதல் நாள் வாய்க்கால் கரையில் இருநூறு அடி நடந்திருப்பார்கள். கமலவேணிக்குக் கால் நடுங்கிற்று. பதினான்கு மாதம் படுத்த கால். மணியன் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்; அந்தச் சாக்கில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் கொடிக்கால் வரைக்கும் போனார்கள். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, பார்க்காதது போல் குனிந்துகொண்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மணியன் கடையிலிருந்து வந்தபோது கமலவேணி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏனுங்க, டாக்டரம்மா மாத்தரை எதும் தரலீங்களா?" என்றாள்.

"நடந்தாப் போதுமுன்னாங்க."

"நெஞ்சு நோவுக்கு மாத்தரை குடுக்காத டாக்டரு எந்த ஊர்லீங்க இருக்கறாங்க?"

நியாயமான கேள்வி. மணியன் மறுநாள் மருந்துக்கடையில் போய், "ஒண்ணுமே இல்லாத ஆளு திங்கற மாத்தரை எதாச்சும் குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை கொடுத்தார். அதைப் பழைய உறையில் மாற்றிப்போட்டுக் கொண்டுவந்தார்.

அதோடு முடிந்ததா? மாத்திரை வந்தால் பத்தியமும் வரவேண்டாமா? அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. மணியன் ஓடிப்போய்ப் பார்த்தார். கமலவேணி ஈர விறகோடு போராடுகிறவள் மாதிரி, துருப்பிடித்த கேஸ் அடுப்பைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். அவருக்கு அந்த இடத்திலேயே கும்பிடத் தோன்றியது. தட்டில் விழுந்ததைத் தின்றபிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ராகிக் களி, கொள்ளு ரசம். இரண்டிலும் உப்பு என்பதே இல்லை.

"துளி உப்பு..."

"நெஞ்சு நோவுக்காரங்க உப்பையே நெனைக்கப்படாதுங்க."

"நீ மட்டும் போட்டுத் திங்கறயே?"

"எனக்கு நெஞ்சு நல்லாத்தானுங்க இருக்குது."

பத்து நாள் தாக்குப்பிடித்தார். பதினோராம் நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு நோவு அவ்வளவா இல்லீ கமலா. கொறஞ்சிருச்சாட்ட இருக்குது" என்றார். மதியம் ஒரு கரண்டி உப்புக்குழம்பு கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

"சந்தோசமுங்க" என்றாள் கமலவேணி.

மறுநாள் விடிகாலை மணியன் செருப்போடு நிற்கிறார். கமலவேணி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

"கமலா, நடக்கப் போலாம்."

"உங்களுக்குத்தான் கொறஞ்சிருச்சுங்களே. இனி எதுக்குங்க நான்?"

ஒரு கரண்டி உப்புக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டோமே! அடுத்த நொடி இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, முன்னைக்கும் சாஸ்தியா இருக்குதே!"

கமலவேணி திரும்பாமலே, "செருப்பை எடுத்து வைங்க, வாரேன்" என்றாள்.

அதிலிருந்து நோவைக் குறைக்கும் பேச்சே அவர் எடுக்கவில்லை. நடை மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. கொடிக்காலைத் தாண்டி, வாழைத்தோட்டங்களைத் தாண்டி, காவிரிக்குப் போகும் வழியில் இருக்கும் மதகு வரைக்கும் போனார்கள். இப்போது முன்னால் போவது கமலவேணிதான். பின்னால் வரும் மணியனுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது.

ஆனால் அவள் பேசவில்லை. நடந்தால் மட்டும் போதாது, பேசவைக்கவேண்டும் என்று மணியன் நினைத்தார். எதைப் பேசுவது? இருவருக்கும் பேச இருந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் அவர்கள் பதினான்கு மாதமாகப் பேசவில்லை.

ஒரு நாள் மதகின் மேல் உட்கார்ந்து இளைப்பாறும்போது, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தார். "பிரவீனா ஆறாவது படிக்கறப்ப, இந்த வாய்க்கால்ல நீச்சல் பழக்கி உடுங்கப்பான்னு கேட்டா."

கமலவேணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பறம்?" என்றாள்.

"இடுப்புல கவுத்தைக் கட்டி எறக்குனேன். கவுத்தை உடுங்கப்பா, உடுங்கப்பான்னு கத்தறா. நான் உடலே. எனக்குப் பயம். அவ என்ன பண்ணுனா, முடிச்சைத் தண்ணிக்குள்ளயே அவுத்துட்டு அந்தக் கரைக்குப் போயிட்டா. நான் வெறுங்கவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

"அப்பறமுங்க?"

அவளைப் பேசவைக்கத்தான் மணியன் பேசினார். ஆனால் அவள் "அப்பறம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இவர்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் முதன்முதலில் சேலம் பஸ் ஏறியது, ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டியது, கடைக்கு வந்து தார்ப்பாய் மேல் படுத்துத் தூங்கியது. ஒரு நாள் ஆஸ்பத்திரியின் அந்த ஒன்பது நாளையும் சொன்னார். எட்டாம் நாள் மகள் தண்ணீர் கேட்டதையும், நர்ஸ் வரட்டும் என்று தான் கொடுக்காமல் இருந்ததையும் சொன்னார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது உடம்பெல்லாம் குலுங்கிற்று. மதகுக்கட்டையில் குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். கமலவேணி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "கேட்டது அரை டம்ளர் தண்ணிங்க. குடுத்திருந்தாலும் அவ நின்னிருக்க மாட்டா" என்றாள். பிறகு அவளும் அழுதாள்.

இதைப் பக்கத்து வீட்டுப் பொன்னாயி பார்த்துவிட்டாள். வாழைத்தார் வெட்ட வந்தவள் கண்ணில் பட்டது, மணியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதும் கமலவேணி அழுவதும்தான். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அய்யய்யோ, அண்ணனுக்கு நெஞ்சு நோவாக்கா? இத்தன நாளா மறைச்சுப்போட்டீங்களே!"

மறுநாள் விடிகாலை கதவைத் திறந்தால், பொன்னாயி வாசலில் நிற்கிறாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"இது எதுக்குங்?" என்றார் மணியன்.

"வழியில உங்களுக்கு மயக்கமுன்னா உக்காரத்தானுங்க."

அன்றிலிருந்து வாய்க்கால் கரையில் அது ஒரு ஊர்வலமாயிற்று. முன்னால் கமலவேணி, அடுத்து மணியன், அவருக்குப் பின்னால் நாற்காலியோடு பொன்னாயி. நான்கு நாளில் தெருப்பெண்கள் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையில் சோடா பாட்டில், ஒருத்தி கையில் விசிறி. ஒவ்வொரு தென்னை மரத்தடியிலும் நாற்காலி இறங்கும். "உக்காருங்கண்ணா" என்பாள் பொன்னாயி. உட்காராவிட்டால், "மூஞ்சி வெளுத்திருக்குது பாருங்க" என்று சோடாவை உடைப்பார்கள். உட்கார்ந்தால் விசிறுவார்கள். கொடிக்கால் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாள், நடு வாய்க்கால் கரையில் கல்யாண மாப்பிள்ளை போல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்த கமலவேணி, சிரித்துவிட்டாள். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மணியன் அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து மரத்தடியில் உட்காரத் தயாராக இருந்தார்.

ஆனால் பொன்னாயி நாற்காலியோடு நிற்கவில்லை. வாழப்பாடியில் இருக்கும் மணியனின் அக்காள் ராசம்மாளுக்குப் போனும் போட்டுவிட்டாள்.

ராசம்மாள் தெருமுனையிலேயே அழத் தொடங்கி, வாசலுக்கு வருவதற்குள் பாதி ஒப்பாரியை முடித்திருந்தாள்.

"என்ற பொறப்பே! எந்தப் பக்கம் சாமி நோவுது?"

கேள்வி திடீரென்று வந்ததால் மணியனின் கை வலது பக்கம் போய்விட்டது. ராசம்மாள் அழுகையை நிறுத்தி, கையை உற்றுப் பார்த்தாள்.

"இடது பக்கமுங்க நங்கையா" என்று நாத்தனாருக்குச் சொன்னாள் கமலவேணி. "கை பழக்கதோசத்துல அங்க போயிருது."

மணியன் சட்டென்று கையை மாற்றினார்.

ராசம்மாள் வந்தபின் ஒறம்பரை என்று உறவெல்லாம் வந்தது. ஓமலூரிலிருந்து சித்தப்பா மகன் மாதுளம்பழத்தோடு வந்தான். யாரோ வெண்பூசணிச் சாறு கொண்டுவந்தார்கள், யாரோ பூண்டை வேகவைத்துக் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கமலவேணி காபி போட்டாள். உப்புப் போட்டே சோறாக்கினாள். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு மணியன் கொள்ளு ரசம் குடித்தார். சாவுக்குப் பிறகு முதல் தடவையாக வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது.

அந்தக் கூட்டத்துக்குத் தப்பித்து அவர் கடைக்கு ஓடினார். அங்கும் எத்தனை நேரம் சும்மா உட்காருவது? உறவினர்கள் மேல் இருந்த எரிச்சலில் ஒரு தார்ப்பாயை இழுத்துப்போட்டுக் கோணி ஊசியை எடுத்தார். அரை மணி நேரம் தைத்தபிறகு நிமிர்ந்தால், அன்பரசு வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. நீங்க ஊசி புடிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று மணியன் நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை ராசம்மாள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியில என்ற மருமகன் சொல்லி வெச்சிருக்கறாரு. வெள்ளிக்கிழமை காத்தால பத்து மணிக்கு. கைநரம்பு வழியா கம்பியை உட்டு நெஞ்சுக்குள்ள பாக்கறாங்களாம்."

"கம்பியா!" மணியன் துள்ளி எழுந்தார். "அக்கா, எனக்கு நோவே இல்லீக்கா. சுத்தமாப் போயிருச்சு. பாரு." இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"அணையற வெளக்கு அப்படித்தான் சாமி கொழுந்து உட்டு எரியும்" என்று ராசம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

கமலவேணியாவது வேண்டாமென்று சொல்வாளா என்று பார்த்தார். அவள் துணி மடிப்பதிலேயே இருந்தாள். மறுநாள், "ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டுப் போக நல்ல வேட்டி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறி நாமக்கல் போனாள், வேட்டியோடு வந்தாள். தனியாக பஸ் ஏறுகிற அளவுக்குத் தேறிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் மணியனுக்கு வேட்டியைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

இனி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தார். சொன்னால் கம்பி இல்லை, பத்தியம் இல்லை, நாற்காலி இல்லை. ஆனால் நடையும் இல்லை. "உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லீங்களே, இனி எதுக்குங்க நான்?" என்று அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்புவதை நினைத்தபோது, அந்தக் கம்பியே பரவாயில்லை என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை நடை முடிந்ததும் கடைக்கு என்று சொல்லிவிட்டு நாமக்கல் போனார். டாக்டரம்மா இன்னும் வரவில்லை. டோக்கன் கொடுக்கும் காளியாத்தாள் மேஜையருகில் உட்கார்ந்திருந்தாள். முன்பு அவருடைய நெஞ்சில் ஒயர் ஒட்டியவள் அவள்தான்.

"என்ன பண்ணுதுங்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலீங். அதுதானுங்க பிரச்சினை."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மணியனுக்கு வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. முனகியதிலிருந்து நாற்காலி வரைக்கும், உப்பிலிருந்து கம்பி வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

"எனக்கு ஒரு லெட்டர் வேணுமுங்க. 'இவருக்குக் கம்பி உட வேண்டாம். தெனமும் நடந்தாப் போதும். ஆனா தனியா நடக்கப்படாது, சம்சாரம் கட்டாயம் கூடப் போகோணும்'னு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். பொய்தானுங்க. ஆனா இந்த நடை நின்னுபோச்சுன்னா அவ மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவா. இத்தன தூரம் வந்துட்டு அவளைத் திருப்பி அந்தக் கட்டலுக்கு அனுப்பறதுக்கு எனக்கு மனசு வல்லீங்க."

காளியாத்தாள் நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"தார்ப்பாய்க் கடை மணியனுங்களா? பரமத்தி வேலூரு?"

"ஆமாங்."

"அந்த லெட்டர் நேத்தே எழுதிக் குடுத்தாச்சுங்களே."

"நேத்தா? யாருகிட்டங்க?"

"உங்க சம்சாரத்துகிட்டத்தானுங்க," என்றாள் காளியாத்தாள். "நீங்க நடக்க ஆரம்பிச்ச மூணாம் நாளே இங்க வந்து, உங்க நெஞ்சுல ஒண்ணுமில்லீன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்கதான், நேத்தும் வந்து, 'அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்கம்மா, இந்த நடை நின்னுபோச்சுன்னா அந்த மனுசன் மறுபடியும் கடைக்குள்ள செவுத்தப் பாத்து உக்காந்துக்குவாரு'ன்னு டாக்டரம்மா கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க."